ஜாதிக்காய்: வேறு வழி இல்லாதவர்களின் போதை

கொஞ்சம் நீளமான திரெட் மக்களே.. டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

ஜாதிக்காய் தெரியும்தானே? பிரியாணிக்கும் குருமாவுக்கும் மசாலா அரைக்கும்போது ஒரு துண்டு உடைத்துப் போடுவோம். கைக்குழந்தை இருக்கும் வீடு என்றால் உரை மருந்து டப்பாவில் ஒன்று கிடக்கும். மற்றபடி அஞ்சாறு வருடம் அப்படியே மூலையில் இருந்தாலும் யாரும் சீந்த மாட்டார்கள்.

இந்தக் காயை அளவு மீறித் தின்றால் மனிதனுக்குச் சித்தம் கலங்கும். ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள், எது கனவு எது நனவு என்று தெரியாமல் கிடப்பார்கள். இது வாட்ஸப் வதந்தி கிடையாது. ஐரோப்பிய நூல் ஒன்றில் 1576லேயே பதிவான விஷயம்.

"ஜாதிக்காயில் போதை இருக்கா இல்லையா" என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: இருக்கு. அதற்காக இவ்வளவு நீளமாக எழுத வரவில்லை. இந்த 450 வருடத்துக் கேஸ்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் உறுத்துகிறது. இதை அளவு மீறித் தின்றவர்கள் யார்? வேறு வழி இருந்தவர்கள் கிட்டத்தட்ட யாருமே இல்லை. ஒரே ஒரு விஞ்ஞானியைத் தவிர. அவரைப் பற்றியும் சொல்கிறேன்.

முதலில் ஊர்க் கதை.

இந்தோனேசியாவின் கிழக்கே மலுக்கு தீவுக்கூட்டத்தில் பண்டா என்று சில குட்டித் தீவுகள் இருக்கின்றன. மேப்பில் தேடினால் ஈ உட்கார்ந்த மாதிரிதான் தெரியும். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை உலகத்துக்கே ஜாதிக்காய் அங்கிருந்துதான் போனது. பழம் பார்க்க மஞ்சளாக, சின்னக் கொய்யா சைஸில் இருக்கும். பழுத்ததும் தானே வெடிக்கும். உள்ளே கறுப்பு ஓட்டுக்கு மேல் சிவப்பாக வலை போட்ட மாதிரி சுற்றியிருப்பது ஜாதிபத்திரி. ஓட்டுக்குள் இருக்கும் பருப்புதான் ஜாதிக்காய். ஆக, காய் என்று சொல்கிறோமே தவிர அது விதை.

பண்டா மக்கள் இதை ஜாவா, மலாய், அரபு, குஜராத்தி வியாபாரிகளுக்கு விற்று நன்றாகவே வாழ்ந்தார்கள். நமக்கும் பழைய பழக்கம்தான். தாம்பூலத்தோடு மெல்லும் ஐந்து வாசனைப் பொருட்களில் சாதிக்காயும் ஒன்று என்று பழைய தமிழ் உரைகளில் வருகிறது. எத்தனை கடல் தாண்டி இங்கே வந்திருக்கிறது பாருங்கள்.

1512இல் போர்ச்சுக்கீசியர்கள் பண்டாவுக்கு வழி கண்டுபிடித்தார்கள். 1602இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பமானது. அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஜாதிக்காய் என்பது மசாலா மட்டும் இல்லை, மருந்து. பிளேக் கொள்ளைநோய்க்கே கேட்கும் என்று நம்பினார்கள். (கேட்காது. பிளேக்குக்குத் தேவை ஆன்டிபயாட்டிக். அது வர இன்னும் 300 வருடம் இருந்தது.) நம்பிக்கை ஏற ஏற விலையும் ஏறியது. பணக்காரர்கள் பாக்கெட்டில் சின்ன வெள்ளித் துருவியும் ஒரு ஜாதிக்காயும் வைத்துக்கொண்டு, குடிக்கும் மதுவில் தாங்களே துருவிப் போட்டுக்கொண்டு பந்தா காட்டிய காலம்.

இந்த வியாபாரம் முழுக்கத் தன் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தவர் ஜான் பீட்டர்சூன் கூன். கம்பெனியின் கவர்னர் ஜெனரல். 1621இல் பெரிய கப்பற்படையோடு பண்டாவில் இறங்கினார். தீவுகளின் பெரியவர்கள் 44 பேரை மூங்கில் அடைப்புக்குள் நிறுத்தி, கூலிக்கு அமர்த்தியிருந்த ஜப்பானிய வீரர்களை வைத்து வெட்டிக் கொன்றார்கள். ஊர்கள் எரிந்தன. மலை மேல் ஏறித் தப்பியவர்கள் பட்டினியில் செத்தார்கள். சுமார் 15,000 பேர் வாழ்ந்த இடத்தில் ஆயிரம் பேர் அளவுக்குத்தான் மிஞ்சினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

மரம் இருக்கு, காய் பறிக்க ஆள் இல்லை. என்ன செய்வது? தோட்டங்களைக் கூறு போட்டு டச்சுக்காரர்களுக்குக் கொடுத்து, வேலைக்கு ஆசியா முழுக்க இருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். இந்த இடத்தில் நம்ம கரையும் கதைக்குள் வருகிறது. சென்னைக்கு வடக்கே பழவேற்காடு போயிருக்கிறீர்களா? அங்கே டச்சுக்காரர்களின் கல்லறைகளைப் பார்த்து செல்ஃபி எடுத்துக்கொண்டு வருவோம். 17ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த கெல்டிரியா கோட்டை வழியாக, சோழமண்டலக் கரையில் பஞ்சத்திலும் போரிலும் அடிபட்டு அடிமைகளாக விற்கப்பட்ட மக்கள் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பத்தாவியா என்றால் இன்றைய ஜகார்த்தா. பண்டாவையும் சேர்த்து கம்பெனியின் தீவுகளுக்கெல்லாம் தலைமையிடம் அதுதான். பஞ்சத்தில் பெற்ற பிள்ளையை விற்ற சனம் நம் கரையில் இருந்தது. வாங்கியவர்களும் இருந்தார்கள்.

பிறகு 1667இல் பிரெடா ஒப்பந்தம். பண்டாவில் ரன் என்ற குட்டித் தீவின் மேல் இருந்த உரிமையை இங்கிலாந்து டச்சுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்தது. அதற்கு முன்பே இங்கிலாந்து பிடித்து வைத்திருந்த நியூ ஆம்ஸ்டர்டாம் இங்கிலாந்துக்கே என்று முடிவானது. இன்றைய நியூயார்க்கின் மன்ஹாட்டன். அப்போதைய கணக்கில் லாபம் டச்சுக்காரர்களுக்குத்தான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்!

இந்த ஏகபோகத்தை முதலில் உடைத்தது பிரெஞ்சுக்காரரான பியேர் புவாவ்ர். 1770 வாக்கில் நாற்றுகளைக் கடத்திவரச் செய்து மொரீஷியஸில் நட்டார். அப்புறம் பிரிட்டிஷார் பண்டாவைப் பிடித்திருந்த காலத்தில் பினாங்கு, இலங்கை என்று கொண்டுபோனார்கள். 1843இல் கரீபியனில் கிரெனடா வரை போய்விட்டது. இன்று அந்த நாட்டின் தேசியக் கொடியிலேயே ஒரு ஜாதிக்காய் இருக்கிறது. நம்ம பக்கம் கேரளாவிலும் கன்னியாகுமரியிலும், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் பர்லியாரிலும் பார்க்கலாம்.

இப்படிப் பல இடத்தில் விளைய ஆரம்பித்ததும் விலை இறங்கியது. ராஜா வீட்டுப் பொருள் ஏழை வீட்டு அடுப்படிக்கு வந்தது. நான் படித்த வரைக்கும், ஜாதிக்காய் விஷமான கேஸ்கள் மருத்துவ இதழ்களில் அடிக்கடி தலைகாட்டுவது இதற்குப் பிறகுதான். விலைக்கும் கேஸுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது என் கணிப்பு.

சரி, இப்போ போதை மேட்டருக்கு வருவோம்.

முதல் பதிவு, நான் சொன்ன 1576. லோபெல் என்ற தாவரவியலாளர் எழுதியது. ஒரு கர்ப்பிணி ஆங்கிலேயப் பெண் பத்துப் பன்னிரண்டு ஜாதிக்காய் தின்றுவிட்டுப் பிதற்றலோடு போதையில் கிடந்தாள் என்பது செய்தி. ஜாதிக்காய் போதை பற்றி எழுதும் எல்லோரும் இந்த வரியை எடுத்துப் போடுவார்கள். அத்தோடு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு அந்த வரியில் ஒரு சொல்லைத் தாண்டிப் போக முடியவில்லை. கர்ப்பிணி.

வாயில் வைத்தாலே கசந்து நாக்கை மரக்க வைக்கும் விதை. ஒன்று தின்பதே பெரும்பாடு. ஒரு கர்ப்பிணி எதற்காகப் பன்னிரண்டு தின்பாள்? மசக்கையா? இருக்கலாம். ஆனால் அடுத்த 300 வருடக் கேஸ்களைப் படித்த பிறகு அப்படி நினைக்க மனசு வரவில்லை. அன்றைய விலையில் பன்னிரண்டு ஜாதிக்காய் வாங்கியிருக்கிறாள் என்றால் வீட்டில் காசு இருந்திருக்கும். வழி இருந்திருக்காது. இதுவும் என் ஊகம்தான். அவள் பெயர் கூட நமக்குக் கிடைக்கவில்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்து, அமெரிக்க மருத்துவ இதழ்களைப் புரட்டினால் இந்த ஊகத்துக்குக் காரணம் புரியும். மயக்கம், பிதற்றல், படபடப்போடு பெண்கள் கொண்டுவரப்படுகிறார்கள். விசாரித்தால் ஜாதிக்காய். ஏன் என்றால், தீட்டு வரவில்லை. ஜாதிக்காய் தின்றால் கரு கலைந்துவிடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். இந்த நம்பிக்கை அந்த நாடுகளில் அவ்வளவு பரவலாக இருந்தது.

இங்கிலாந்தில் 1861ஆம் வருடச் சட்டப்படி ஒரு பெண் தன் கருவைத் தானே கலைக்க முயன்றால் ஆயுள் தண்டனை வரை கிடைக்கும். டாக்டரிடம் போக முடியாது. மருந்துக்கடையில் கேட்க முடியாது. அடுப்படியில் இருக்கும் ஜாதிக்காயை யாரும் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார்கள்.

ஜாதிக்காய் கருவைக் கலைக்கும் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. பெண்ணுக்கு விஷம் ஏறும், அவ்வளவுதான். இரண்டு நாள் நரகம் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தால் பிரச்சினை வயிற்றில் அப்படியே இருக்கும்.

நம் நாட்டில் 1971லேயே கருக்கலைப்புக்குச் சட்டம் வந்துவிட்டது. 2021இல் திருத்தமும் வந்தது. அரசு மருத்துவமனையில் இலவசமாக, ரகசியமாகச் செய்துகொள்ளலாம். அப்படி இருந்தும் பப்பாளி, எள்ளு, அன்னாசி என்று எல்லாம் தின்று பார்த்துவிட்டு, கடையில் ஏதோ மாத்திரை வாங்கிப் போட்டு, ரத்தப்போக்கோடு வருகிற பெண்களை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். "முன்னாடியே வந்திருக்கலாமேம்மா" என்றால், "யாராவது பார்த்துட்டா?" என்பார்கள். ஆகவே அந்த ஆங்கிலேயப் பெண்கள் எனக்கு ரொம்பத் தூரத்து மனுஷிகளாகத் தெரியவில்லை.

இப்போ அந்த விஞ்ஞானி.

யான் பர்கின்ஜி. பொஹீமியாவில் பிறந்தவர், இன்றைய செக் நாடு. மெடிக்கல் காலேஜில் கால் வைத்தவர்கள் இந்தப் பெயரை மறக்க மாட்டார்கள். சிறுமூளையில் பர்கின்ஜி செல், இதயத்தில் பர்கின்ஜி நார். முதல் வருட வைவாவில் பாதிப் பேரை அழவிட்ட மனிதர்.

இவருக்கு ஒரு வித்தியாசமான பழக்கம். மருந்துகளைத் தன் மேலேயே பரிசோதித்துப் பார்ப்பார். கற்பூரம், பெல்லடோனா, டிஜிடாலிஸ் எதையும் விடவில்லை. எலியே இல்லாத எலிச் சோதனை! 1829இல் ஜாதிக்காய் பற்றி எழுதினார். மூன்று ஜாதிக்காய் தின்றுவிட்டுத் தூக்கமும் கனவுமாகக் கிடந்தவர், பிறகு எழுந்து பெர்லினில் நாடகக் கொட்டகைக்கு நடக்கிறார். பழகிய தெருதான், முடியவே மாட்டேன் என்கிறது. கால் சரியாகத்தான் நடக்கிறது. மனசு மட்டும் நொடிக்கு நொடி கனவுக்குள் விழுகிறது. அதிலிருந்து தன்னைப் பிடித்து இழுத்து இழுத்துத்தான் அடுத்த அடி வைக்க முடிகிறது.

ஜாதிக்காய் போதையை உள்ளே இருந்து, நிதானமாக, டாக்டரின் கண்ணோடு பார்த்து எழுதியவர்கள் ரொம்பக் குறைவு. அவருக்குத் தின்ன வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, ஆர்வம்தான். நான் சொன்ன ஒரே விதிவிலக்கு இவர்.

அடுத்து ஜெயில்.

1946இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சார்ல்ஸ்டவுன் சிறைக்கு ஒரு இளைஞர் திருட்டுக் கேஸில் வருகிறார். வயது 20. அந்தச் சிறை 1805இல் கட்டியது. அறைக்குள் குழாய்த் தண்ணீர் கிடையாது, கக்கூஸுக்கு ஒரு வாளி. வெளியே கஞ்சாவும் கோக்கெய்னுமாக இருந்தவருக்கு உள்ளே எதுவும் இல்லை. அங்கே அவருக்குக் கிடைத்த முதல் போதை ஜாதிக்காய்.

சமையல்கட்டில் வேலை செய்யும் கைதிகள் ஜாதிக்காய்ப் பொடியைத் திருடி, தீப்பெட்டியில் அடைத்து, காசுக்கோ சிகரெட்டுக்கோ விற்பார்கள். அதைக் குளிர்ந்த தண்ணீரில் கலக்கிக் குடிப்பது. மூன்று நாலு கஞ்சா பீடிக்குச் சமம் என்று பின்னாளில் தன் சுயசரிதையில் சொன்னார். நூற்றுக்குக் குறையாத கைதிகள் அந்தச் சிறையில் இதை வாங்கினார்களாம்.

அந்த இளைஞர் மால்கம் எக்ஸ். அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக் குரலாகப் பின்னாளில் உலகம் அறிந்தவர். சிறையிலேயே எல்லாப் போதையையும் விட்டார், சிறை நூலகத்தையே படித்துத் தீர்த்தார். அந்தக் கதையைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். அதன் முதல் அத்தியாயத்தில் ஒரு தீப்பெட்டி ஜாதிக்காய் இருக்கிறது என்பதைக் கடந்து போய்விடுகிறோம்.

1957இல் அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் பரோஸ் ஒரு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் தன் போதை அனுபவங்களைப் பட்டியல் போட்டார். அதிலும் ஜாதிக்காய் வருகிறது. யார் பயன்படுத்துகிறார்கள்? கைதிகளும் கப்பல் சிப்பந்திகளும். பூட்டிய அறை, கரை தெரியாத கடல்.. இரண்டிலும் கையில் கிடைப்பது சமையல்கட்டு மட்டும்தான்.

1960களில் ஆண்ட்ரூ வைல் என்ற ஹார்வர்ட் மாணவர் இதை உட்கார்ந்து தேடித் தொகுத்தார். 1965இல் தாவரவியல் இதழ் ஒன்றில் வந்த அவருடைய கட்டுரைதான் இன்றைக்கும் இந்தச் சப்ஜெக்ட்டுக்கு அடிப்படை. கைதிகள், கப்பல்காரர்கள், கையில் காசில்லாத மாணவர்கள், இவர்கள்தான் அதிலும் வருகிறார்கள். ஒருமுறை தின்றவர்களில் பெரும்பாலானோர் மறுமுறை அந்தப் பக்கம் போவதில்லை என்பதும் அதில் தெரிகிறது.

ஏன் போவதில்லை? தின்றால் என்ன ஆகும் என்று சொல்கிறேன், உங்களுக்கே புரியும்.

தின்றதும் ஒன்றும் ஆகாது. ஆபத்தே இதில்தான் இருக்கிறது. சாராயம் மாதிரி அரை மணியில் ஏறாது. மூன்று மணியிலிருந்து ஆறு மணி நேரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். "என்னடா ஒண்ணுமே ஆகல" என்று இன்னொரு கை போடுகிற ஆள்தான் மாட்டுவான். முதலில் குமட்டல், வயிற்றைப் பிடிக்கும். வாய் ஒட்டிக்கொள்ளும், எச்சில் ஊறாது. முகம் சிவக்கும். இதயம் 120, 130 என்று அடிக்கும். பிறகு பயம். சாதாரண பயம் இல்லை, செத்துவிடப் போகிறோம் என்ற பயம். நேரம் இழுபடும், இடம் தெரியாது, சிலர் இல்லாத ஆட்களோடு பேசுவார்கள். சிலர் கட்டையாகத் தூங்குவார்கள், எழுப்பினால் ரகளை. 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரம் வரை. தலைவலியும் சோர்வும் அதற்கப்புறமும் இருக்கும்.

இதில் சந்தோஷம் எங்கே இருக்கிறது சொல்லுங்கள்?

கேஷுவாலிட்டியில் ஊமத்தங்காய் தின்று வருபவர்களைப் பார்த்த டாக்டர்களுக்கு இந்தப் படம் பழக்கமானது. உலர்ந்த வாய், சிவந்த முகம், பிதற்றல். ஊமத்தை என்று நினைத்தே வைத்தியம் பார்க்கவும் வாய்ப்பிருக்கிறது. வழக்கமான போதைப்பொருள் யூரின் டெஸ்ட்டில் ஜாதிக்காய் வராது. கூட வந்தவர்கள் வாயைத் திறந்தால்தான் உண்டு.

முறிவு மருந்து கிடையாது. குளுக்கோஸ் ஏற்றி, இதயத் துடிப்பைக் கண்காணித்து, ரொம்பப் பதறினால் அமைதிப்படுத்த ஊசி போட்டு, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். சாவு அபூர்வம். ஆனால் இல்லாமல் இல்லை. எட்டு வயதுப் பையன் ஒருவன் இரண்டு ஜாதிக்காய் தின்று இறந்ததாகப் பழைய மருத்துவப் பதிவு இருக்கிறது. 2001இல் ஒரு சாவு பதிவானது, அவர் தூக்க மாத்திரையும் சேர்த்து எடுத்திருந்தார்.

இவ்வளவும் செய்வது எது?

விதையில் இருக்கும் வாசனை எண்ணெய். அதில் மிரிஸ்டிசின், எலெமிசின், சாஃப்ரோல் என்று மூன்று பேர் முக்கியமானவர்கள். மிரிஸ்டிசின் கொஞ்சூண்டு கேரட்டிலும் சதகுப்பையிலும் கூட இருக்கிறது. பயப்படாதீர்கள், கேரட் தின்று யாருக்கும் போதை ஏறியதில்லை.

1960களில் அமெரிக்க வேதியியலாளர் அலெக்சாண்டர் ஷுல்கின் ஒரு அழகான யோசனை சொன்னார். மிரிஸ்டிசினின் வடிவத்தைப் பார்த்தால் ஒரு நைட்ரஜன் சேர்ந்தால் போதும், எம்எம்டிஏ என்ற போதை வேதிப்பொருள் ஆகிவிடும். ஒருவேளை நம் கல்லீரலே அந்த வேலையைச் செய்கிறதோ? அதாவது, ஜாதிக்காய் வெறும் மூலப்பொருள், ஃபேக்டரி நம் வயிற்றுக்குள்! கேட்க அருமையாக இருந்ததால் பாடப் புத்தகங்கள் வரை போய்விட்டது. 1973இல் எலியின் கல்லீரலில் ஆதாரம் கிடைத்ததாகவும் எழுதினார்கள். ஆனால் 2006இல் ஜெர்மனியில் ஜாதிக்காய் தின்ற ஒருவரின் சிறுநீரைத் துல்லியமாகச் சோதித்தபோது அப்படி எந்த ஆம்ஃபிடமைன் வகைப் பொருளும் அதில் இல்லை. அழகான யோசனைகளுக்கு மருத்துவத்தில் அடிக்கடி நடக்கிற கதி.

நம் உடம்பே கஞ்சாவைப் போன்ற சில பொருட்களைச் சுரக்கிறது. அவற்றைச் சிதைக்கும் நொதிகளை ஜாதிக்காய்ச் சாறு தடுக்கிறது என்று 2016இல் ஒரு ஆய்வகச் சோதனை சொன்னது. மால்கம் எக்ஸ் கஞ்சாவோடு ஒப்பிட்டது சரியாக இருக்கலாம். பார்ப்போம்.

2020இல் டிக்டாக்கில் "ஜாதிக்காய் சேலஞ்ச்" என்று பிள்ளைகள் கிளம்பினார்கள். லாக்டவுனில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலம். மறுபடியும் பூட்டிய அறை, மறுபடியும் சமையல்கட்டு. இதற்கு மேல் இதை விளக்க வேண்டாம்.

இப்போ நம் வீட்டுக்கு வருவோம். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தேன்.

கைதிக்கும் அந்தப் பெண்ணுக்கும் வேறு வழி இல்லாவிட்டாலும் தின்பது என்ற முடிவாவது அவர்களுடையது. அது கூட இல்லாத ஒரு ஆள் இருக்கிறார். மூன்று கிலோ எடை. பேச்சு வராது. குளிப்பாட்டி, சாம்பிராணி போட்டு, மடியில் கிடத்தி, உரைகல்லில் தாய்ப்பால் விட்டு வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சுக்கு, ஜாதிக்காய் எல்லாம் இழைத்து நாக்கில் தடவுகிறோம்.

"குழந்தை நல்லா தூங்குது டாக்டர்."

ஆமாம், தூங்கும். ஜாதிக்காயின் வேலையே அதுதான். பர்கின்ஜியைத் தூங்க வைத்தது, உங்கள் பிள்ளையைத் தூங்க வைக்காதா?

பாட்டிகள் கோபப்பட வேண்டாம். "நாங்க வளர்க்கலையா, இவங்க அப்பனையே இப்படித்தான் வளர்த்தேன்" என்று என்னிடம் சொல்லாத பாட்டியே கிடையாது. உண்மைதான் ஆத்தா. ஒரு இழைப்பு இழைத்து விட்ட உங்கள் கை அளவு உங்களுக்குத் தெரியும். இன்று அதே கல்லில் இருபது இழைப்பு இழைக்கிறார்கள். ராத்திரி அழுதது என்று மறுபடி ஒரு தடவை. சிலர் கல்லே வேண்டாமென்று ஆன்லைனில் பொடியாக வாங்கி ஸ்பூனில் கலக்கிக் கொடுக்கிறார்கள். எந்த விதையில் எவ்வளவு எண்ணெய் என்பது விதைக்கு விதை மாறும். பச்சிளம் குழந்தையின் கல்லீரல் இன்னும் முழுசாக வேலைக்கு வராத கல்லீரல். பெரியவர்கள் உடம்பு ஒரு நாளில் வெளியேற்றுவதை அது எத்தனை நாள் வைத்திருக்கும் என்று யாராலும் கணக்குப் போட முடியாது.

அளவு மீறித் தூங்கும் குழந்தை பால் குடிக்காது. பால் குடிக்காத குழந்தைக்குச் சர்க்கரை அளவு இறங்கும். இறங்கினால் வலிப்பு வரும். மயக்கத்தில் வாயில் ஊற்றியது நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. ஏற்கனவே வேறு மருந்து ஓடும் குழந்தை என்றால் இன்னும் சிக்கல். வலிப்புக்கு ஃபெனிட்டாயின் எடுத்துக்கொண்டிருந்த ஒரு கைக்குழந்தைக்கு ஜாதிக்காயும் சேர்ந்து நஞ்சான நிகழ்வு 2014இல் மருத்துவ இதழில் வந்திருக்கிறது.

இந்த அம்மாக்களைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. பிரசவமான உடம்பு, நாலு மாதமாகத் தூக்கமில்லை, விடிந்தால் அடுப்படி, சிலருக்கு வேலைக்கும் போகணும். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை வீறிட்டால் மாற்றித் தூக்க ஆள் இல்லை, புருஷன் புரண்டு படுப்பார். அப்போ அந்த உரைகல் கண்ணில் படும். வேறு வழி இல்லாதவர்களின் பட்டியல் என்று ஆரம்பித்தேன் இல்லையா, அதில் இவர்களையும் சேர்க்க வேண்டும். ராத்திரியில் இரண்டு மணி நேரம் பிள்ளையைத் தோளில் போட்டு நடக்கிற அப்பா இருக்கும் வீட்டில் ஜாதிக்காய்க்கு வேலையே இல்லை. ஆண்கள் இந்த வரியைத் தாண்டிப் போக வேண்டாம்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். தண்ணீர் கூட வேண்டாம். குழந்தை ராத்திரியில் அழுவது பெரும்பாலும் நோய் இல்லை, பசியும் கதகதப்பும்தான். விடாமல் அழுதாலோ, வயிறு உப்பினாலோ, வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ தூக்கிக்கொண்டு வாருங்கள்.

பிரியாணிக்குப் போடும் ஒரு சிட்டிகை பற்றிக் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள். தாராளமாகப் போடுங்கள். பெரிய பானை பிரியாணியில் அது எத்தனை பேருக்குப் பிரியும் என்று யோசித்தாலே பதில் தெரியும். ஆனால் முழுக் காயையும் பொடியையும் சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

வீட்டில் யாராவது தெரிந்தோ தெரியாமலோ அளவு மீறித் தின்றுவிட்டால் மோர், உப்புக் கரைசல் என்று கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், மயக்கத்தில் புரையேறிவிடும். "இப்போ நல்லாத்தானே இருக்கான்" என்றும் காத்திருக்க வேண்டாம், ஆறு மணி நேரக் கணக்கு ஞாபகம் இருக்கட்டும். 108க்குப் போன் பண்ணி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். குழந்தைக்கு உரை மருந்து கொடுத்திருந்தால் என்னென்ன இழைத்தீர்கள், எத்தனை தடவை, எப்போது என்று சொல்லுங்கள். மிச்சம் இருக்கும் பொருளையும் கையோடு எடுத்துவாருங்கள். டாக்டர் திட்டுவார் என்று மறைத்தால் நாங்கள் மூளைக்காய்ச்சலா, கிருமித் தொற்றா என்று தேடி, பிஞ்சு முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துக்கொண்டிருப்போம்.